தலைசுற்றலுக்கு உள்காதில் லேசர் ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமா?

இதே கேள்வியோடு அம்மாவுக்காக நான்கு மாதம் அலைந்தேன். படுக்கையில் வலது பக்கம் புரண்டால் போதும், அறையே சுழலும் என்பார். லேசர் வைத்தால் ஒரே நாளில் போய்விடும் என்று உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டுப் பணம் புரட்டவும் ஆரம்பித்துவிட்டேன்.

கடைசியாகப் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர், அம்மாவின் தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்தார். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கியது. சில நொடிகளில் கருவிழி இரண்டும் துடிக்கத் தொடங்கின. அம்மாவின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. அரை நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. "பிபிபிவி" என்றார் மருத்துவர். தலையை அசைக்கும்போது மட்டும் சிறிது நேரம் வந்துபோகும் ஒருவகைத் தலைசுற்றல் அது.

உள்காதில் பொடிப்பொடியாகக் கால்சியம் படிகங்கள் உண்டு. அவை கழன்று அரைவட்டக் குழலுக்குள் விழுந்துவிட்டால், தலை அசையும்போது அங்குள்ள திரவத்தைத் தள்ளி மூளையைக் குழப்பும். தலையைப் படிப்படியாகத் திருப்பி அவற்றை அந்தக் குழலிலிருந்து வெளியே உருட்டிவிட வேண்டும். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1992-ல் வெளியிட்ட முறை இது. சில நிமிட வேலைதான். அம்மாவுக்கு இரண்டாம் தடவையிலேயே நின்றுவிட்டது.

லேசர் இருப்பது உண்மைதான். எப்லி முறைக்கும் அடங்காத சிலருக்கு, காதின் பின்புற எலும்பைக் குடைந்து அந்தக் குழலையே அடைத்துவிடுவார்கள். கனடாவில் பார்ன்ஸ், மெக்லூர் இருவரும் 1990-ல் எழுதிய முறை அது. அடைப்பதற்கு முன் உள்ளே இருக்கும் சவ்வுக் குழலைச் சுருக்க லேசரைச் சிலர் பயன்படுத்தினார்கள். கேட்கும் திறன் குறையும் அபாயம் உண்டு என்பதால் இது கடைசி வழி. அப்புறம், காதில் லேசர் என்று ஊரில் பேசிக்கொள்வது பெரும்பாலும் நடுக்காதில் இருக்கும் அங்கவடி என்ற குட்டி எலும்பு இறுகிக் காது மந்தமாவதற்குச் செய்யும் ஆபரேஷன். அது தலைசுற்றலுக்கானது கிடையாது, செய்தபின் சில நாள் தலை சுற்றவும் செய்யும்.

உள்காதில் திரவம் மிகுந்து தலைசுற்றலும் காது இரைச்சலும் வரும் மெனியர் நோய் என்றால் கதையே வேறு. உப்பைக் குறைப்பது, மாத்திரை, செவிப்பறை வழியாக ஊசி என்று போகும்.

அதனால் யாராவது ஆபரேஷன் என்றால், படுக்கவைத்துக் கண்ணைப் பார்க்கும் அந்தச் சோதனையைச் செய்தார்களா, எந்தக் காது, எந்தக் குழல் என்று தயங்காமல் கேளுங்கள். தலைசுற்றலோடு பேச்சு குழறினாலோ, கை கால் மரத்தாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது இதையெல்லாம் யோசிக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.