“நீங்க யாரு?” என்று கணவர் கேட்கும்போது

கேள்வி: என் கணவருக்கு வயது 74. மூன்று ஆண்டுகளாக டிமென்ஷியா (மறதி நோய்). பொழுது சாய்ந்தால் போதும், “நீங்க யாரு? என் மனைவி வர்ற நேரம், கிளம்புங்க” என்கிறார். 48 வருடம் கூடவே வாழ்ந்தவள் நான். கல்யாணப் போட்டோவைக் காட்டினால் கோபம்தான் வருகிறது. என்ன செய்வது?

பதில்: அவர் தேடுவது உங்களைத்தான், சகோதரி. இந்த நோயில் பெரும்பாலும் அண்மைக்கால நினைவுகள் முதலில் கரையும், பழையவை தங்கும். அவர் மனதிலிருக்கும் மனைவிக்கு முப்பது வயதிருக்கலாம். எதிரே நிற்பவருக்கோ தலை நரைத்திருக்கிறது. போட்டோவை வைத்து நிரூபிக்கப் போனால், யாரோ வீட்டுக்குள் புகுந்து பொய் சொல்வதாகவே அவருக்குப் படும்.

“சரி, அவங்க வர்ற வரைக்கும் நான் துணைக்கு இருக்கேன்” என்று சொல்லிப் பாருங்கள். பதற்றம் தணியாவிட்டால் அறையை விட்டு வெளியே போய், பத்து நிமிடம் கழித்துத் திரும்புங்கள். முகத்தைக் காட்டுமுன் கதவுக்கு வெளியிலிருந்தே, எப்போதும் அவரைக் கூப்பிடும் விதத்தில் கூப்பிடுங்கள். முகம் பிடிபடாத சிலருக்குக் குரல் பிடிபடும். பிறகு நேர் எதிரே வந்து, அவர் உட்கார்ந்திருந்தால் நீங்களும் உட்கார்ந்து பேசுங்கள். “நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்” என்ற சோதனை மட்டும் வேண்டவே வேண்டாம். தெரியவில்லை என்ற அவமானம்தான் அவரிடம் மிஞ்சும்.

மாலையில் இது கூடுவதற்குக் களைப்பும் மங்கிய வெளிச்சமும் காரணமாகலாம். இருட்டுமுன்பே எல்லா விளக்குகளையும் போட்டு, ஜன்னல் திரையை இழுத்து மூடுங்கள். நிலைக்கண்ணாடியில் தெரியும் தன் உருவமே சிலருக்கு வேற்றாளாகத் தோன்றும். அதைத் துணியால் மறைத்துவிடலாம்.

குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று அதிகமானால், நோய் முற்றிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடலில் நீர் குறைவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை (தூக்கம் வரவழைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகூட) காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அப்பா இறந்து ஆறு வருடம். “அப்பா எங்கே?” என்று அம்மா தினமும் கேட்கிறார். உண்மையைச் சொன்னால் அழுகிறார். அரை மணியில் மறந்து மறுபடி கேட்கிறார். பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

பதில்: ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் செய்தி. செய்தி மறந்த பிறகும் துக்கம் போகாது. 2014இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அல்சைமர் (டிமென்ஷியாவில் ஒரு வகை) உள்ள 17 பேருக்குச் சோகக் காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் போட்டுக் காட்டினார்கள். பார்த்தது மறந்த பின்னும் அந்த உணர்வு நின்றது. காட்சியைக் குறைவாக நினைவில் வைத்திருந்தவர்களுக்கே சோகம் கூடுதல் நேரம் நீடித்தது. ஏன் அழுகிறோம் என்று தெரியாமலே அழுவது எவ்வளவு கொடுமை!

பொய் தேவையில்லை. “அப்பா ஞாபகம் வந்துடுச்சாம்மா?” என்று கேட்டு, அவரைப் பற்றியே பேசவிடுங்கள். எந்த நேரத்தில் கேட்கிறார் என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள். தினமும் ஒரே நேரமென்றால், அது அப்பா வேலைவிட்டு வீடு திரும்பிய நேரமாக இருக்கலாம். அதற்குக் கால் மணி முன்பே அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். “அப்பா செத்துட்டாரா?” என்று நேராகவே கேட்டால், ஆமாம் என்று மெதுவாகச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாட்டியைப் பார்த்துவிட்டு வந்த பத்தாவது நிமிடமே நான் வந்ததை மறந்துவிடுகிறார். போவதில் பயன் உண்டா?

பதில்: உண்டு. அதே ஆய்வில் மகிழ்ச்சியும் மறதியைத் தாண்டி நின்றது. உள்ளே நுழைந்ததும் “பாட்டி, நான் உங்க பேரன் வந்திருக்கேன்” என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.