தெருவில் எடுத்து வளர்த்த நாய்க்கு வயதாகிவிட்டால்: கால்நடை மருத்துவர் பதில்கள்

மஞ்சக்குப்பம்: பேருந்து நிலையத்தில் அடிபட்டுக் கிடந்த குட்டியை எடுத்து வளர்த்தோம் டாக்டரம்மா. இப்போது 14 வயது. பின்னங்கால் நிற்கவில்லை. ஆனால் சாப்பிடுகிறான், கத்துவதே இல்லை. வலி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். தெருவில் நொண்டும் நாயை மற்ற நாய்கள் விரட்டிவிடும். அங்கே வளர்ந்தது வலியை அடக்கப் பழகியிருக்கும், வீட்டுக்கு வந்து எத்தனை வருஷம் ஆனாலும் சரி. பசியில் வளர்ந்த நாய் வலியோடும் தட்டைக் காலி செய்யும். அதனால் சத்தத்தையும் சாப்பாட்டையும் மட்டும் நம்பாதீர்கள். சும்மா படுத்திருக்கும்போதே மூச்சிரைக்கிறதா, நிலைகொள்ளாமல் இடம் மாற்றிப் படுக்கிறானா, ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருக்கிறானா, தொட்டால் உடம்பு இறுகுகிறதா என்று பாருங்கள்.

தினமும் ராத்திரி காலண்டரில் நல்ல நாள், கெட்ட நாள் என்று குறித்து வையுங்கள். ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்ற ஏழுக்கும் தலா பத்துக்கு மதிப்பெண், நிலை நன்றாக இருந்தால் அதிகம். மொத்தம் 35ஐத் தாண்டினால் பராமரிப்பைத் தொடரலாம் என்பார். நடக்க முடியவில்லை என்ற ஒன்றுக்காக மட்டும் உங்கள் பையனைக் கருணைக்கொலை ஊசி போட்டு அனுப்ப வேண்டியதில்லை. கனமான மெத்தை போடுங்கள், சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், சிறுநீர் ஈரத்தில் விடாதீர்கள். நம் வெக்கையில் படுக்கைப்புண்ணில் ஈ உட்கார்ந்தால் மறுநாளே புழு.

முதலியார்பேட்டை: வலிக்கு அரை பாராசிட்டமால் கொடுக்கலாமா?

கூடாது. நாயின் கல்லீரலையும் ரத்தத்தையும் கெடுக்கும். ஐபுப்ரோஃபென், டிக்ளோஃபெனாக் இன்னும் மோசம்: குடலில் புண், ரத்தவாந்தி, சிறுநீரகம் போய்விடும்.

திருப்பாதிரிப்புலியூர்: எங்கள் கிழநாய்க்கு இரண்டு நாளாக எச்சில் ஒழுகுகிறது, தண்ணீர் விழுங்க முடியவில்லை. தொண்டையில் எலும்பு என்று கையை விட்டுப் பார்த்தோம். வயசானதால்தானே?

வயசு என்று விட்டுவிடாதீர்கள். ரேபிஸாக இருக்கலாம். கையை சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, இப்போதே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசியை ஆரம்பியுங்கள். நாயைத் தனி அறையில் விட்டு, மாட்டாஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நெல்லிக்குப்பம்: கருணைக்கொலை ஊசி போடும்போது என்ன நடக்கும்? கூட இருக்க பயமாக இருக்கிறது.

முதலில் மயக்க மருந்து. நன்றாகத் தூங்கியபின் தியோபென்டோன் அல்லது பென்டோபார்பிடல் அதிக அளவில் ரத்தக்குழாயில் போகும். இரண்டும் மயக்க மருந்து வகைதான். சில நிமிஷத்தில் இதயம் நின்றுவிடும். கண் மூடாது. சதை துடிக்கலாம், ஒன்றிரண்டு முறை மூச்சு இழுப்பது போலத் தெரியலாம், சிறுநீர் போகலாம். அப்போது அதற்கு உணர்வு இருக்காது. "முதலில் மயக்கம் கொடுப்பீர்களா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். மயக்காமல் மெக்னீசியம் சல்ஃபேட் போடுகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கூட இருங்கள் அம்மா. தூங்கும்வரைக்குமாவது இருங்கள். அது உங்கள் வாசனையைத் தேடும்.

பண்ருட்டி: லேப்ரடார் குட்டிக்கு முடி கொட்டுகிறது.

தோல் சுரண்டிப் பரிசோதிக்க வேண்டும், பக்கத்து மாட்டாஸ்பத்திரியில் காட்டுங்கள்.

வடலூர்: வள்ளலார் வாழ்ந்த மண்ணில் இருந்துகொண்டு உயிரை எடுக்கச் சொல்கிறீர்களே. தானாகப் போகட்டும் என்று விடுவதுதானே ஜீவகாருண்யம்?

வள்ளலாரை என் பக்கம் இழுக்க மாட்டேன். கொல்லாமையை அவர் அழுத்தமாகச் சொன்னவர். ஆனால் 1867இல் அவர் தருமச்சாலை தொடங்கியது அடுத்த உயிரின் பசியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்தான். நானும் அங்கிருந்துதான் யோசிக்கிறேன். தானாகப் போவது என்றால் என்ன என்று நேரில் பார்த்திருக்கிறீர்களா? சிறுநீரகம் செத்த நாய்க்கு வாயெல்லாம் புண், ஓயாத வாந்தி, கடைசியில் வலிப்பு. நுரையீரலில் நீர் கோத்தால் படுக்கவே முடியாது, உட்கார்ந்தபடி மூச்சுக்குத் தவிக்கும்.

லாஸ்பேட்டை: வடலூர்க்காரர் சொல்வது சரி. எங்கள் நாய் எங்கள் மடியிலேயே அமைதியாகப் போனது.

நல்ல சாவு. அதை நான் மறுக்கவில்லை. வலி இல்லாமல், மூச்சு சீராக, தூக்கம் கூடிக்கூடிப் போகிற நாய்க்கு ஊசி வேண்டாம். வாயை நனைத்து, சுத்தமாக வைத்து, பக்கத்தில் இருங்கள். வாயில் பாலை ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

வடலூர் (மறுபடி): அப்படியென்றால் எது எது என்று யார் முடிவு செய்வது?

நோயை மருத்துவர் சொல்ல வேண்டும், பாடு படுகிறதா என்பதை வளர்த்தவர் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் முடிவு. மனசு ஒப்பவில்லை என்றால் ஊசி வேண்டாம். ஆனால் மருத்துவரிடம் கேட்டு வலிமருந்தாவது வாங்கிக் கொடுங்கள். மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை என்று மூலையில் போட்டு வைப்பதை மட்டும் என்னால் ஜீவகாருண்யம் என்று ஏற்க முடியாது.

தேவனாம்பட்டினம்: வீட்டுக்குப் பின்னால் புதைக்கலாமா?

கடற்கரை மணலில் மழைக்காலத்தில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். கிணறு, போர் இவற்றுக்குத் தள்ளி, மேட்டில், நாலடி ஆழமாவது தோண்டுங்கள். ஊசி போட்ட உடலில் மருந்து தங்கியிருக்கும். வேறு நாயோ காக்கையோ கிளறித் தின்றால் அதுவும் சாகலாம்.

அரியாங்குப்பம்: குழந்தைக்கு வாங்கிய காய்ச்சல் சிரப் மிச்சம் இருக்கிறது, கிழநாய்க்குக் கொடுக்கலாமா?

அதுவும் பெரும்பாலும் பாராசிட்டமால்தான். மேலே எழுதிவிட்டேன், தயவுசெய்து படியுங்கள். குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு ரொம்பத் தூரமில்லை. நாளைக் காலையிலேயே அழைத்துப் போங்கள்.