காமாக் கதிர் வெடிப்பைத் துரத்தும் மகளை எதில் சேர்ப்பது?

ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் பள்ளி இறுதியாண்டில் படிக்கிறாள். கணக்கிலும் இயற்பியலிலும் கெட்டி. தொலைதூர விண்வெளியில் திடீரென நிகழும் காமாக் கதிர் வெடிப்பு பற்றிய அறிவிப்பு கைபேசியில் வந்தால் நடுராத்திரியிலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாளாம். இயற்பியல்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். பெரியப்பாவும் சித்தப்பாவும் கடன் வாங்கியாவது பேர்பெற்ற கல்லூரியில் செயற்கை நுண்ணறிவுப் பொறியியலில் சேர்க்கச் சொல்கிறார்கள்.

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. கடன் யோசனை நியாயமானதல்ல. அந்தக் கடனை அடைக்கப்போவது பெரியப்பாவோ சித்தப்பாவோ இல்லை. நீங்களும் உங்கள் மகளும்தான். அந்தப் படிப்பின் அடித்தளம் நேரியல் இயற்கணிதம், புள்ளியியல், நிரலாக்கம். இம்மூன்றையும் நல்ல இயற்பியல் துறையிலும் கற்கலாம். பாடத்தின் பெயருக்காகக் கடனாளி ஆகாதீர்கள். பொறியியல், மருத்துவ வழிகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். அவற்றை விட்டுவிட்டு, உங்கள் மகள் ராத்திரியில் செய்யும் வேலையைப் பார்ப்போம். அது உங்கள் உறவினர்கள் நினைப்பதுபோல வானத்தை வேடிக்கை பார்ப்பதல்ல.

காமாக் கதிர் வெடிப்பு பெரும்பாலும் சில நொடிகளிலோ சில நிமிடங்களிலோ முடிந்துவிடும். 2 நொடிக்குக் குறைவானவை பெரும்பாலும் நியூட்ரான் விண்மீன்கள் (பெரிய விண்மீன் இறந்தபின் எஞ்சும் அடர்ந்த கருக்கள்) மோதுவதால் வருபவை. நீண்டவை பெரும்பாலும் பெரும் விண்மீன் குலைவதால் வருபவை. அதற்குப் பின் எக்ஸ் கதிரிலும் கண்ணுறு ஒளியிலும் ஒரு பின்னொளிர்வு தெரியும். 1997 பிப்ரவரி 28 அன்று வெடித்த ஒன்றில்தான் முதன்முதலில் அதைக் கண்டார்கள். அது மங்கும் வேகம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: பொதுவாக நேரம் 10 மடங்கானால் ஒளி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகும், அதாவது 2.5 மேக்னிட்யூட் மங்கும். மேக்னிட்யூட் என்பது விண்மீன் ஒளியின் அளவுகோல்; எண் கூடக் கூட ஒளி மங்கல். பத்தாவது நிமிடத்தில் 16 என்றால் நூறாவது நிமிடத்தில் 18.5. பதினேழு மணி நேரம் கழித்து 21. அப்போது சிறிய தொலைநோக்கிக்கு வேலையே இல்லை.

ஆகவே முதல் பாடம், எதைத் துரத்துவது என்று முடிவெடுப்பது. ஃபெர்மி செயற்கைக்கோளின் ஜிபிஎம் என்ற காமாக் கதிர்க் கருவி, வெடிப்பு நடந்ததாகக் காட்டும் வானப் பகுதி பல பாகை அகலம். சிறு தொலைநோக்கியின் பார்வைப் புலத்துக்குள் அது அடங்காது. ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் பேட் கருவி தருவது சில கோண நிமிடம் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கோண நிமிடம்), அதன் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியான எக்ஸ்ஆர்டி தருவது சில கோண நொடி (கோண நிமிடத்தில் அறுபதில் ஒரு பங்கு). அவற்றைத்தான் துரத்த வேண்டும்.

அடுத்தது படம் எடுப்பது. ஒரே நீண்ட எக்ஸ்போஷர் வேண்டாம். தொடக்கத்தில் 10 முதல் 30 நொடி, பிறகு 60 நொடிப் படங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் இடையே தொலைநோக்கியைச் சற்று நகர்த்தினால் பழுதான பிக்சல்கள் விண்மீன்போல் ஏமாற்றாது. மங்க மங்க, படங்களைச் சேர்த்துக்கொண்டே போகலாம். கேமராவின் குறைகளைக் கழிக்க உதவும் டார்க் (மூடி போட்டு எடுப்பது), ஃபிளாட் (சீரான ஒளியில் எடுப்பது) படங்களை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். கணினிக் கடிகாரம் 30 நொடி பிசகினால், வெடித்து 100 நொடியில் எடுத்த அளவீட்டின் சரிவுக் கணக்கே பொய்யாகிவிடும்; ஒரு நாள் கழித்து எடுத்ததில் அதே பிழை ஒன்றுமே செய்யாது.

புதிதாக ஒரு புள்ளி தெரிந்ததும் குதிக்கக் கூடாது. பான்-ஸ்டார்ஸ் என்ற வான ஆய்வுத் திட்டம் முன்பே எடுத்துவைத்த படத்தோடு ஒப்பிட வேண்டும். அது சிறுகோளாக இருக்கலாம். ஒரு மணி நேரத்தில் அரைக் கோண நிமிடம் நகர்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். திடீரென ஒளிரும் சிவப்புக் குறுமீனாகவும் (மங்கலான சிறிய விண்மீன்) இருக்கலாம். வடிகட்டி இல்லாமல் எடுத்த அளவீட்டை ஆர் (சிவப்பு ஒளி) வடிகட்டி அளவீடு என்று எழுதிவிடுவதும், கேமராவின் அளவை மீறி நிறைவுற்றுப்போன பிரகாசமான விண்மீனை ஒப்பீட்டுக்கு எடுப்பதும் தொடக்கநிலையில் அடிக்கடி நேரும் தவறுகள். ஒன்றுமே தெரியாவிட்டாலும் முடிவு முடிவுதான்: இந்த நேரத்தில், இந்த மேக்னிட்யூட் வரை பார்த்தோம், இல்லை என்று, வெடிப்புச் செய்திகளை வானியலாளர்களிடையே பகிரும் ஜிசிஎன் வலையமைப்பின் சுற்றறிக்கையில் எழுதுவது மதிப்புள்ள அறிவியல். இல்லாததை நேர்மையாக அளந்து சொல்லும் பழக்கம் ஒரு பெண்ணுக்குப் பதினேழு வயதிலேயே வருகிறதென்றால், அதை அணைத்துவிடாதீர்கள்.

இனி வயிற்றுப்பாட்டுக்கு வருவோம். நிரந்தர வானியல் ஆய்வுப் பணியிடங்கள் குறைவு, போட்டி கடுமை; இதை மறைக்க மாட்டேன். ஆனால் இந்தத் துறையின் கருவிப் பக்கத்தை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஜிபிஎம்மில் 12 சோடியம் அயோடைடு உணரிகளும் 2 பிஸ்மத் ஜெர்மனேட் உணரிகளும் இருக்கின்றன. மருத்துவமனை காமா கேமராவில் வேலை செய்வதும் அதே சோடியம் அயோடைடுதான். பிஸ்மத் ஜெர்மனேட், மருத்துவமனையில் எடுக்கும் பெட் ஸ்கேனில் பயன்படுகிறது. கதிர் படும்போது இந்தப் படிகங்களில் தோன்றும் ஒளித் துடிப்பை எண்ணவும், ஆற்றலை அளவுத்திருத்தம் செய்யவும் தெரிந்தவர் மருத்துவ இயற்பியலுக்கும் கதிரியக்கப் பாதுகாப்புக்கும் போகலாம். அதற்கென மேற்படிப்பும் பயிற்சியும் தேவை. தரவுப் பக்கமும் அப்படியே. ஜிசிஎன் அறிவிப்புகள் காஃப்கா என்ற மென்பொருள் வழியாக வருகின்றன. பெருநிறுவனங்கள் தங்கள் தரவோடையைக் கையாளப் பயன்படுத்துவதும் அதையேதான். வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கும் ரூபின் ஆய்வகம், மாறியவை பற்றி ஓர் இரவுக்குச் சுமார் 1 கோடி எச்சரிக்கைகள் அனுப்பும்படி வடிவமைக்கப்பட்டது. அவற்றைச் சலிக்க நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு வானியலுக்கு வெளியிலும் வேலை உண்டு.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது தரவரிசையைக் கேட்காதீர்கள். அணு இயற்பியல் ஆய்வகத்தில் ஓடும் நிலையில் உணரி இருக்கிறதா, மாணவர்கள் அதைத் தொட விடுகிறார்களா, இறுதியாண்டுச் செயல்திட்டம் கட்டாயமா என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால், கட்டணம் குறைந்த கல்லூரியே போதும்.

பெரிய தொலைநோக்கி வாங்கித் தராதீர்கள். அந்தப் பணம் படிப்புக்கு. தூக்கத்தையும் கெடுக்க வேண்டாம். முதல் நிமிடங்களைப் பிடிக்கத் தானியங்கித் தொலைநோக்கிகள் இருக்கின்றன. அவளுக்கு இலவசத் தரவு போதும். லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஸ்விஃப்ட் தரவு மையத்தில், எக்ஸ்ஆர்டி கண்ட வெடிப்புகளின் எக்ஸ் கதிர் ஒளிவளைவு (நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் வரைபடம்) கிடைக்கிறது. அவளே பத்து வெடிப்புகளைத் தேர்ந்து, இரு அச்சுகளையும் மடக்கை அளவில் வைத்து வரையட்டும். சரிவு எங்கே மாறுகிறது, எவ்வளவு பிழையோடு அதைச் சொல்ல முடியும் என்று பைத்தானில் பொருத்திப் பார்க்கட்டும். விடுமுறையில் ஒரு மாதம் கொடுங்கள். பிழைக் கணக்கு அலுத்துப்போய்ப் படங்கள் மட்டுமே பிடிக்கிறது என்று அவளே சொன்னால், வேறு படிப்பைப் பேசலாம், அப்போதும் கடன் இல்லாமல். பிழைக் கணக்கிலேயே மூழ்கிவிட்டாள் என்றால், இயற்பியல் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள். பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பதில் சொல்லும் பொறுப்பை அவள்மேல் சுமத்தாமல் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.