பெயர் சொல்லாத பரிசோதனை மின்னணு இசைக் குழு என்றால் என்ன? ஏன் ஆளை மறைக்கிறார்கள்?

சிலர் சேர்ந்து கணினி, மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் சிந்தசைசர், ஒலிப்பதிவுக் கருவி வைத்து இசை செய்கிறார்கள், ஆனால் யார் எதைச் செய்தார்கள் என்று எங்கும் சொல்வதில்லை. எல்லாம் குழுவின் பெயரிலேயே வரும்.

'பரிசோதனை' என்பது ராகம், தாளத்தில் தொடங்காமல் சத்தத்தையே மூலப்பொருளாக எடுப்பது. 1948-லேயே பாரிஸில் பியர் ஷேஃபர் என்ற வானொலிப் பொறியாளர் ரயில் சத்தங்களை இசைத்தட்டில் பதிந்து இசையாக்கிவிட்டார். குன்னூரில் செய்தால் தகரக் கூரையில் விழும் ஐப்பசி மழை, பல்சக்கரம் பிடித்து ஏறும் மலை ரயில் எல்லாமே இசைக்கு ஆகும். மழையைப் பதிந்து பாதி வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள், சுருதி ஒரு ஸ்தாயி இறங்கி ஒவ்வொரு துளியும் தவில் அடிபோல விழும், அவ்வளவு அழகு!

சரி, மறைப்பது ஏன்? முகம், ஊர், சாதி, வயது பார்த்து எடை போடாமல் ஒலியை மட்டும் கேட்கட்டும் என்றுதான். அமெரிக்காவின் தி ரெசிடென்ட்ஸ் குழுவினர் பல பத்தாண்டுகள் பெயர் சொல்லாமலே இசைத்தார்கள், கண்விழி முகமூடியும் உயரத் தொப்பியும்தான் அடையாளம்.

எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொரு காரணம். ஒருவர் பதிந்ததை அடுத்தவர் இழுத்து, மூன்றாமவர் அடுக்கும்போது யாருடையது என்று பிரிக்கவே முடியாது. கோத்தகிரிப் பக்கம் பல சிறு விவசாயிகளின் பச்சைத் தேயிலை ஃபேக்டரியில் ஒன்றாக வாடித் தூளாகிறதே, டம்ளரில் இருப்பது யார் தோட்டத்து இலை என்று சொல்ல முடியுமா, அது மாதிரி.

அப்புறம், பெயரில்லாவிட்டால் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பலர் நினைப்பது தவறு, இந்தியச் சட்டப்படி ஆசிரியர் பெயர் தெரியாத இசைப் படைப்புக்கும் வெளியானதிலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு.