கேள்வி – பதில்: ஒரே அறையில் இரண்டு குழுக்கள்

கேள்வி: முதன்மைக் குழு, இரண்டாம் நிலைக் குழு, முறைசார்ந்த குழு, முறைசாராக் குழு என்று உளவியல் பாடநூலில் பல பெயர்கள் வருகின்றன. என்னுடன் பணியாற்றும் எட்டுப் பேரை இவற்றுள் எதில் சேர்ப்பது?

பதில்: ஒன்றில் மட்டும் சேர்க்க இயலாது. பெயர்ப் பட்டியலை வைத்து வகை சொல்ல முடியாது. அந்த எட்டுப் பேரும் ஒருவருக்கொருவர் எதற்குத் தேவைப்படுகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். குடும்பம், சிறுவயதுத் தோழர்கள், அண்டை அயலார் ஆகியோரிடம்தான் மனித இயல்பு முதலில் உருப்பெறுகிறது என்பதால், அவற்றை 1909இல் அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் கூலி முதன்மைக் குழுக்கள் என்றார். அங்கே உறவே நோக்கம். ஒரு வேலைக்காகக் கூடி, ஒருவர் விலகினால் வேறொருவரை அமர்த்திக்கொள்வது இரண்டாம் நிலைக் குழு.

முறைசார்ந்தது, முறைசாராதது என்ற பிரிவுதான் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. சிகாகோ அருகே இருந்த ஹாதார்ன் ஆலையில், 1931 நவம்பர் முதல் 1932 மே வரை, தொலைபேசி இணைப்பகக் கருவிகளைச் செய்த 14 ஆண்களைத் ஆய்வாளர்கள் தனி அறையில் அமர்த்தி உற்றுநோக்கினார்கள். கம்பி இணைப்போர் 9 பேர், பற்றவைப்போர் 3 பேர், சோதிப்போர் 2 பேர் என நிர்வாகத்தின் ஏட்டில் அது ஒரே குழு. அறைக்குள்ளோ இரண்டு சிறு கூட்டங்கள் தாமாகவே முளைத்திருந்தன. உற்பத்தி கூடினால் கூலியும் கூடும் என்றிருந்தும், நாளொன்றுக்கு இவ்வளவு போதும் என்று தொழிலாளர்களே ஓர் அளவு வகுத்துக்கொண்டு, அதற்கு மேல் வேகம் காட்டியவரின் மேற்கையில் ஒரு குத்து விட்டார்கள். சோம்பல் என்று இதைத் தள்ளிவிடுவது மேலோட்டமான பார்வை. அதிகம் செய்து காட்டினால் கூலி விகிதத்தைக் குறைப்பார்கள், ஆட்களையும் குறைப்பார்கள் என்ற அச்சமே அந்தக் குத்துக்குப் பின்னால் இருந்தது. நிர்வாகம் அமைத்த முறைசார்ந்த குழுவின் நோக்கம் உற்பத்தி. அதே ஆட்கள் தாமாக அமைத்துக்கொண்ட முறைசாராக் குழுவின் நோக்கம் தற்காப்பு.

கேள்வி: மனநல ஆலோசகர் என்னை ஆதரவுக் குழு ஒன்றில் சேரச் சொல்கிறார். குழுச் சிகிச்சை என்பதும் இதுவும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. குழுச் சிகிச்சையைப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் நடத்துவார்; பொதுவாக உறுப்பினர்களை முன்கூட்டியே நேர்கண்டு தேர்ந்துகொள்வார். ஒருவர் பேசும்போது இன்னொருவர் முகம் திருப்பினால், அந்தத் திருப்பலே அன்றைய பேச்சுக்குப் பொருளாகலாம். ஆதரவுக் குழுவில் ஒரே இன்னலைக் கடந்தவர்கள் பட்டறிவைப் பகிர்கிறார்கள். குடிப்பழக்கத்திலிருந்து மீள முயல்வோருக்காக 1935இல் அமெரிக்காவில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இவ்வகை. இரண்டுக்கும் முன்னோடியாகச் சொல்லப்படுபவர் மனநல மருத்துவரே அல்லர் என்பது வியப்புக்குரியது: பாஸ்டனில் 1905இல் ஏழைக் காசநோயாளிகளுக்கு வார வகுப்பு நடத்திய மருத்துவர் ஜோசப் பிராட், தம் அறிவுரையோடு நோயாளிகள் ஒருவருக்கொருவர் தந்த ஊக்கமும் பலன் தருவதைக் கண்டார். குழுவை யார் நடத்துகிறார், அங்கே பேசுவது வெளியே போகாதிருக்க என்ன ஏற்பாடு என்ற இரண்டையும் உங்கள் ஆலோசகரிடம் கேட்டுக்கொண்டு சேருங்கள்.