கன்ன ஆபரேஷனுக்குப் பின் காறை எலும்பு மேல் மேடு: திரும்ப வந்த கட்டியா?

கன்னத்தில் கட்டியை எடுத்த அப்பாவுக்கு இப்போது காறை எலும்பு மேல் ஒரு மேடு தெரிகிறது, கட்டி திரும்ப வந்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் இல்லை. அப்பாவின் காறை எலும்பு மேல் நீங்கள் பார்க்கும் மேடு, கன்னத்தை மூட மார்பிலிருந்து எடுத்த தசையாகத்தான் இருக்கும்.

மார்புத் தசையைத் தோலோடு திருப்பி வைக்கும் இந்த முறையை (ஃபிளாப் என்பார்கள்) 1979-இல் ஸ்டீபன் ஆரியன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் விவரித்தார். தசையையும் தோலையும் தனியே அறுத்து ஒட்டுவதில்லை. ரத்தக்குழாயோடு சேர்த்துத் திருப்பி, காறை எலும்பைத் தாண்டி, கழுத்துத் தோலுக்கு அடியில் வாய்வரை கொண்டுபோவார்கள். வழியில் கிடக்கும் அந்தத் தசைத் தண்டுதான் புடைப்பாகத் தெரிகிறது. நரம்பு அறுபட்டிருந்தால் சில மாதங்களில் தானாகச் சூம்பும். ரேடியேஷன் கொடுத்தால் இன்னும் வற்றும்.

விரல் நுனியால் மெல்ல வருடிப் பாருங்கள். மார்பிலிருந்து கழுத்துவரை ஒரே பட்டையாக, மெத்தென்று ஓடுகிறதா? டிஸ்சார்ஜ் ஆன நாளிலேயே இருந்ததா? இரண்டுக்கும் ஆம் என்றால் பெரும்பாலும் அந்தத் தசைதான். வாரம் ஒருமுறை பக்கவாட்டில் போட்டோ எடுத்து வையுங்கள், டாக்டருக்கு உதவும். எண்ணெய் போட்டு நீவுவது, இறுக்கமான காலர் எல்லாம் வேண்டாம். வாய்க்குள் வைத்த தோலுக்கு ரத்தம் போகும் பாதை அது.

ஆனால் உருண்டையாக, கல் மாதிரி தனியே ஒரு கட்டி தட்டுப்பட்டாலோ, மேடு பெரிதானாலோ, சிவந்து சுட்டாலோ, கழுத்துத் தையலில் எச்சில் கசிந்தாலோ அடுத்த ரிவியூ வரை காத்திருக்காதீர்கள். எப்படியும் ஆபரேஷன் செய்த டாக்டர் ஒருமுறை தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

வாய்க்குள் முடி முளைப்பதாகக் கேட்டிருந்தீர்கள். அது மார்புத் தோல், முளைக்கத்தான் செய்யும். பிடுங்க வேண்டாம், ரிவியூவில் சொல்லுங்கள்.