கொழும்பு வெயிலில் வளர்ந்த ஒருவர் கோடையில் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பாலைவனப் பாறைக் கோபுரங்களில் ஏறலாமா?

ஏறலாம். ஆனால் கொழும்பு வெயிலுக்குப் பழகியிருப்பதை ஒரு தகுதியாகக் கொள்ள வேண்டாம். வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்த நான், அந்த நம்பிக்கையுடன் ஒரு ஜூலை மாதத்தில் மோவாப் நகருக்கு அருகிலுள்ள காஸல்டன் கோபுரத்தில் ஏறத் தொடங்கி, பாதியில் இறங்க நேர்ந்தது.

இங்கே கொழும்பில் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலராமல் வழிகிறது. சட்டை நனைவதைக் கண்டு நாமும் தண்ணீர் குடிக்கிறோம். அங்கே ஜூலைப் பிற்பகல்களில் வெப்பம் 38 பாகை செல்சியஸை எட்டுவது சாதாரணம் என்றாலும், காற்று வறண்டிருப்பதால் வியர்வை தோலில் அரும்பியவுடனேயே ஆவியாகிவிடுகிறது. என் சட்டை கடைசிவரை காய்ந்தே இருந்தது. கழுத்தைத் தடவியபோது கையில் உப்புத்தான் ஒட்டியது. காலி முகத்திடலில் காற்று வாங்கிப் பழகிய உடம்பு, காற்று வீசினால் குளிரும் என்று எதிர்பார்க்கும். ஆனால் தோலைவிடச் சூடான காற்று உடலுக்கு வெப்பத்தை ஏற்றுகிறது. வியர்வை ஆவியாவது ஒன்றே அதைத் தணிக்கிறது, அதற்கு உடலில் நீர் இருக்க வேண்டும். நண்பர் மேலே ஏற, நான் வெயிலில் அசையாமல் நின்று கயிற்றைப் பிடித்திருந்தேன். முதலில் தலை வலித்தது. பிறகு நானே போட்ட முடிச்சை இருமுறை பார்த்தும் அது சரிதானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதை நண்பரிடம் சொன்னதும் இருவரும் இறங்கினோம்.

எங்கள் தவறு வழித்தேர்விலேயே தொடங்கியது. 1961 இல் லேட்டன் கோரும் ஹன்ட்லி இங்கால்ஸும் முதன்முதலாக ஏறிய புகழ்பெற்ற வழி தெற்கு முகத்தில் இருக்கிறது. வெயில் ஏறியபின் அதில் ஒதுங்க நிழல் அரிது. வடக்கு முகம் நிழலானது, ஆனால் கடினமானது. அதில் ஏறும் தேர்ச்சி இல்லாதவர், கோபுரம் ஏறத்தாழ 120 மீற்றர்தானே என்று எண்ணாமல், ஒக்டோபர் வரை காத்திருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

கோடையில்தான் செல்வீர்களானால், கோபுர அடிக்குச் செல்லும் செங்குத்தான சரிவு நடையை விடியுமுன் முடித்து, முற்பகலிலேயே கீழே வந்துவிடுங்கள். சூடான பாறையில் விரல்கள் வியர்த்து வழுக்கும். பிற்பகலில் இடிமழை திரளலாம். நனைந்த மணற்கல் வலுவிழந்து, பிடிகள் உடையும். மழைக்குப் பின் பாறை உள்ளே உலர ஓரிரு நாட்களாவது விட வேண்டும்.

வெறும் தண்ணீரையே அளவின்றிக் குடிப்பதும் ஆபத்து, ஏனெனில் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்துவிடும். நான் இப்போது நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புக் கலவையான ஜீவனிப் பொதிகளைக் கொண்டுசெல்கிறேன். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ எடை என்பதால் முழுவதையும் மேலே சுமக்காமல், இறங்கியபின் குடிக்கவென்று இரண்டு லீற்றரைக் கோபுர அடியில், பகல் முழுவதும் நிழல் விழும் பக்கத்தில் வைத்துவிட்டு ஏறுங்கள்.